தையல் பிரித்தாயிற்று, தழும்பைத் தொட முடியவில்லையே!

ஆபரேஷனுக்கு முன்பு எல்லோரும் எலும்பைப் பற்றிக் கேட்பார்கள். தையல் பிரித்து வீட்டுக்குப் போன பிறகு தோலைப் பற்றிக் கேட்பார்கள். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பாதத்திலோ கணுக்காலிலோ ஆபரேஷன் ஆனவர்களுடையவை. பிசியோதெரபிஸ்டாக இந்தத் தழும்புகளைத் தினமும் கையால் தொட்டு வேலை செய்பவள் நான் என்பதால், கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

பெருவிரல் பக்கம் புடைத்திருந்த எலும்பைச் சரிசெய்து ஏழு வாரம் ஆகிறது. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் போர்வை பட்டாலே சுள்ளென்கிறது. புடவைக் கரை உரசினால்கூடக் காலை இழுத்துக்கொள்கிறேன். ஆபரேஷன் சரியாக ஆகவில்லையோ? (வாசகி, 52 வயது, மதுரை)

பயப்படாதீர்கள் அம்மா. நீங்கள் சொல்வது எலும்பு வலி இல்லை, தோல் நரம்பின் வலி. பாதத்தின் மேல்பக்கம் தோலுக்கு அடியில் கொழுப்பு மிகக் குறைவு. நூலிழை போன்ற நரம்புகள் அங்கே மேலாகவே ஓடுகின்றன. கத்தி படும்போது அவற்றில் சில அறுபடும், சில இழுபடும். பிறகு நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் மெல்ல வளர்ந்து வரும். வளரும் நரம்புக்கு வருடுவதும் தெரியாது, குத்துவதும் தெரியாது. எது பட்டாலும் வலி என்றே மூளைக்குச் சொல்லும். போதாததற்குப் பல வாரம் கட்டுக்குள் இருந்த கால் அது. தொடுகை என்பதே அதற்கு மறந்துபோயிருக்கும்.

அதை மறுபடி பழக்க வேண்டும். முதலில் வீட்டில் இருக்கும் மிக மென்மையான துணியை எடுங்கள். பட்டுத் துண்டு, அல்லது துவைத்துத் துவைத்து இழைந்துபோன பழைய வேட்டி. தழும்பிலிருந்து நாலு விரல் தள்ளித் தொடங்கி, மெல்லத் தழும்பை நோக்கி வாருங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. அந்தத் துணி உறுத்தாமல் போனதும் சாதாரணப் பருத்தித் துணி, அப்புறம் தேங்காய்ப்பூத் துண்டு. பிறகு அகலமான பாத்திரத்தில் அரிசியைக் கொட்டி அதற்குள் காலை விட்டு அளையுங்கள். லேசாக வருடுவதைவிட உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்பதை நரம்பு சீக்கிரம் ஏற்றுக்கொள்ளும். அதனால் தாங்கவில்லை என்றால் அழுத்திப் பிடித்தே தொடங்கலாம். கூச்சம் வரும், வரட்டும். செய்து முடித்து அரைமணி நேரத்துக்கு மேலும் வலி நீடித்தால் மட்டும் ஒரு படி பின்னால் போங்கள்.

பலர் வலிக்கிறதே என்று அந்த இடத்தைத் தொடாமலேயே பொத்திப் பொத்தி வைக்கிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும். தொடத் தொடத்தான் குறையும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். தழும்பு மட்டுமில்லாமல் பாதம் முழுவதும் எரிந்து, நிறம் மாறி, ஒரு நேரம் சுட்டு ஒரு நேரம் குளிர்ந்து, அதிகமாக வியர்த்தால் அது வேறு விஷயம். அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

எப்போதிலிருந்து எண்ணெய் தேய்க்கலாம்? தேங்காய் எண்ணெயா, நல்லெண்ணெயா? வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவச் சொல்கிறார்களே! (தஞ்சாவூர்)

பொருக்கு தானாக உதிர்ந்து, எங்கும் கசியாமல், தோல் முழுதாக மூடிய பிறகு. பெரும்பாலானவர்களுக்குத் தையல் பிரித்து இரண்டு வாரம் கழித்து இது சரியாக வரும். உங்கள் டாக்டர் ஒரு முறை பார்த்துச் சொல்லிவிட்டால் நிம்மதி.

எந்த எண்ணெய் என்பது பெரிய விஷயமில்லை. விரல் வழுக்குவதற்குத்தான் அது, வாஸ்லின்கூடப் போதும். வேலை செய்வது விரல்தான். கட்டைவிரலை வைத்து நகம் லேசாக வெளுக்கும் அளவுக்கு அழுத்தி, தழும்பின் மேல் சின்னச் சின்ன வட்டமாகவும் குறுக்காகவும் தோலை நகர்த்துங்கள். எண்ணெயை மட்டும் வழித்துவிட்டால் பயனில்லை, அடியில் இருக்கும் தோல் அசைய வேண்டும். காலை மாலை ஐந்து நிமிடம்.

இது ஏன் என்று கேட்டால், கால் விரல்களை மேலே தூக்கிப் பாருங்கள். தழும்பு உள்ளே குழி விழுந்தால், தோல் அடியிலுள்ள தசைநாரோடு ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒட்டைப் பிரிக்கத்தான் இத்தனையும்.

வைட்டமின் ஈ வேண்டாம். 1999-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், அதைத் தழும்பில் தடவியவர்களில் மூன்றில் ஒருவருக்குத் தோல் ஒவ்வாமை வந்தது. பெரும்பாலானவர்களுக்குத் தழும்பில் பலனும் தெரியவில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை. உள்ளங்காலில் ஆபரேஷன் ஆகி 18 நாள் ஆயிற்று, இன்னும் தையல் பிரிக்கவில்லை. பக்கத்து வீட்டில் பத்தே நாளில் பிரித்தார்களாம். புண்ணில் சீழ் வைக்கும் என்று பருப்பு, முட்டை, மீன் எதையும் தொட மாட்டேன் என்கிறார். (சேலம்)

தம்பி, தையல் விஷயத்தில் டாக்டர் செய்வது சரிதான். உடம்பின் பாரத்தைத் தாங்கும் தோல் அது. உள்ளங்காலில் சாதாரணமாகவே மூன்று வாரம் வரை தையலை விடுவார்கள், சர்க்கரை இருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும். மூன்று வாரத்தில் புதுத் தோலுக்குப் பழைய வலுவில் ஐந்தில் ஒரு பங்குதான் வந்திருக்கும். அவசரப்பட்டு நடந்தால் விரிந்துகொள்ளும்.

பத்தியத்தை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். புதுத் தோல் புரதத்தால்தான் கட்டப்படுகிறது. பருப்பையும் முட்டையையும் விலக்குவது, வீடு கட்டும்போது செங்கல்லை வேண்டாம் என்பது போல. சீழ் வருவது கிருமியால். சர்க்கரை ஏறினால் அந்தக் கிருமி கொழுக்கும். முட்டை வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தால் சுண்டல், மோர், பாசிப்பயறு கொடுங்கள். கூடவே ஒரு கொய்யாப் பழமோ நெல்லிக்காயோ. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் புரத அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டு மாற்றும்போதெல்லாம் நீங்களே பாருங்கள். சிவப்பு பரவுவது, சூடு, நாற்றம், கசிவு, காய்ச்சல் எதுவாக இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்கு வலியே தெரியாமல் போகலாம், அதனால் "வலிக்கவில்லை" என்று அம்மா சொல்வதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

ஆறு வாரம் கழித்துத் தழும்பில் பரு போல வந்து, உள்ளே நூல் தெரிகிறது.

உள்தையல் நூலின் முடிச்சு கரையாமல் வெளியே வருகிறது. அடிக்கடி பார்ப்பதுதான். நீங்களே பிடித்து இழுக்காதீர்கள், டாக்டர் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார். உள்ளே பிளேட், ஸ்க்ரூ இருந்தால் கசிவு எதையும் அலட்சியம் செய்யக் கூடாது, உடனே காட்டுங்கள்.

உள்ளங்கால் தழும்பில் கல் மேல் நடப்பது போல இருக்கிறது. மருந்துக் கடையில் ஆணிக்கால் பிளாஸ்டர் கொடுத்தார்கள், ஒட்டலாமா?

வேண்டாம். அதில் இருப்பது தோலைக் கரைக்கும் சாலிசிலிக் அமிலம், இளம் தழும்பைப் புண்ணாக்கிவிடும். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பு போடுங்கள். வெறுங்காலோடு மொசைக் தரையில் நடப்பதைக் கொஞ்ச மாதம் தள்ளிவையுங்கள்.

கணுக்கால் உடைந்து வெளிப்பக்கம் பிளேட் வைத்தார்கள். ஐந்து மாதம் ஆகிறது. தழும்பைத் தட்டினால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்கிறது, பக்கத்தில் ஒரு இடம் மரத்துக் கிடக்கிறது. சம்மணம் போட முடியவில்லை. (யாழ்ப்பாணம்)

சுண்டுவிரல் பக்கத்துக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு, அந்தத் தழும்புக்கு அருகில்தான் போகிறது. தட்டினால் ஷாக் அடிக்கும் புள்ளியைப் பேனாவால் குறித்து, மாதம் ஒரு தடவை பாருங்கள். புள்ளி விரலை நோக்கி நகர்ந்தால் நரம்பு வளர்கிறது. மாதக் கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் நரம்பு தழும்பில் சிக்கியிருக்கலாம், சர்ஜனிடம் காட்டுங்கள்.

சம்மணம் போடும்போது வெளிக்கணுக்கால் எலும்பு நேராகத் தரையில் அழுந்துகிறது, நடுவில் இருப்பது தோலும் பிளேட்டும்தான். மடித்த போர்வை மேல் உட்காருங்கள், கணுக்காலுக்கு அடியில் தனியாக ஒரு துணி வையுங்கள். வீட்டில் பெண்களுக்கு இப்படி ஆகியிருந்தால், கொலுசைக் கொஞ்ச நாள் கழற்றி வைக்கட்டும். மரத்த இடம் சூடு அறியாது என்பதால் வெயிலில் கோயில் பிரகாரத்தைச் சுற்றும்போது கவனம் தேவை.

தழும்பு கறுத்து, தடித்து நிற்கிறது. மறையுமா?

முழுதாக மறையாது. ஆனால் ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும், அது மாறிக்கொண்டே இருக்கும். மூன்றாவது மாதத்தில் பார்த்து மனம் உடைய வேண்டாம். செருப்பு போட்டு வெளியே போகும் கால் என்பதால் வெயில் பட்டுக் கறுப்பு நிலைத்துவிடும். சாக்ஸ் போடுங்கள், அல்லது சன்ஸ்கிரீன் தடவுங்கள். தடிப்புக்குச் சிலிகான் ஷீட் நல்லது. ஒரு நாளைக்குக் குறைந்தது 12 மணி நேரம், இரண்டு மூன்று மாதம் ஒட்ட வேண்டும். கழுவிக் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம்.

தடிப்பு வெட்டிய கோட்டைத் தாண்டிப் பக்கத்துத் தோலிலும் படர்ந்தால் அது கெலாய்டு. காது குத்திய இடத்திலோ தோளிலோ உங்களுக்கு ஏற்கெனவே அப்படி வந்திருந்தால் அதையும் தோல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஊசி போட்டு அமுக்குவார்கள். வெட்டி எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். வெட்டுவதோடு நிறுத்தினால் பெரும்பாலும் முன்பைவிடப் பெரிதாகத் திரும்பி வரும்.