காரைக்குடியில் சிறிய அலுவலகம்: கைக்குழந்தையோடு வேலைக்கு வர விடலாமா?

பன்னிரண்டு பேர் வேலை செய்யும் உங்கள் அலுவலகத்துக்குக் கைக்குழந்தையைக் கொண்டுவரலாமா என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். தாராளமாகச் சம்மதியுங்கள்.

சட்டக் கட்டாயம் இல்லை. மகப்பேறு நல விதிகளின்படி 50 பேர் இருந்தால்தான் குழந்தைக் காப்பகம் அமைக்க வேண்டும். ஆனால் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தினம் இரண்டு முறை பாலூட்ட இடைவேளை தரவேண்டும். குழந்தை பக்கத்திலேயே இருந்தால் அது எவ்வளவு சுலபம்!

நம் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. பனையோலைக் கொட்டான் முடையும் வீட்டில் பார்த்திருக்கிறேன்: உத்தரத்தில் பழைய சேலைத் தூளி, அதில் கட்டிய கயிறு அம்மாவின் கால் கட்டைவிரலில். கை ஓலையில் ஓட, கால் தூளியை ஆட்டிக்கொண்டே இருந்தது. ஆத்தங்குடித் தரைக்கல் செய்யும் பட்டறை என்றால் வேண்டாம் என்பேன். சிமென்ட் தூசு பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது.

தவழத் தொடங்கும்வரை என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கதவு சாத்தக்கூடிய ஓர் அறை போதும். அப்புறம், குழந்தை அழுதால் உடனே எழுந்து போகலாம் என்று எல்லார் முன்னாலும் நீங்களே சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பெண் கூச்சத்திலேயே வேலையை விட்டுவிடுவார். நாளை ஓர் அப்பா கேட்டாலும் இதே பதில்தான்.