அயோவா விவசாயி ஒருவரின் குடும்ப வரலாற்றைத் தேடுவது எப்படி?

கேள்வி: 1870களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் விவசாயம் செய்த ஜெர்மானியர் ஒருவரின் பெயரும் கவுன்டியும் (நம் மாவட்டம் போன்ற உட்பிரிவு) மட்டும் தெரியும். அவருடைய குடும்பத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஆனால் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் அதே பெயரில் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். அவர் உழுத நிலம் எது என்று கண்டுபிடியுங்கள். குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும்.

முதலில் சென்சஸ். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். குடும்பத் தலைவருக்கு யார் என்ன உறவு என்பது 1880இல்தான் முதன்முதலாகப் பதிவானது. 1870 பக்கத்தில் இருக்கும் பெண் மனைவியா தங்கையா என்பதை நாம்தான் ஊகிக்க வேண்டும். கணக்கெடுக்க வந்தவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், ஷ்மிட் ஸ்மித் ஆகியிருக்கும். அதனால் குடும்பப் பெயரை விட்டுவிட்டு முதற்பெயர், பிறந்த ஆண்டு (இரண்டு ஆண்டு முன்பின்), கவுன்டி ஆகியவற்றை மட்டும் கொடுத்துத் தேடுங்கள். ஆள் கிடைத்ததும் முன்னும் பின்னும் பத்து வீடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மாமனார், மைத்துனர் பலசமயம் அங்கேயே இருப்பார்கள்.

1890 சென்சஸைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். 1921இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் பெரும்பகுதி நாசமாகி, மிச்சமும் பின்னால் அழிக்கப்பட்டது. அயோவா மாநிலம் 1885, 1895இல் தனியாக எடுத்த கணக்கு அந்த இடைவெளியை நிரப்பும். 1885 ஏட்டில் நிலம் எங்கே இருக்கிறது என்ற விவரமும் உண்டு. 1900 மத்திய அரசு சென்சஸில் ஒவ்வொரு தாய்க்கும் எத்தனை பிள்ளை பிறந்தது, எத்தனை உயிரோடு இருக்கிறது என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். 8, 5 என்று இருந்தால் இறந்த மூவரைச் சர்ச் ஏட்டிலும் கல்லறையிலும் தேட வேண்டும். 1925 மாநிலக் கணக்கை மட்டும் தவறவிடாதீர்கள். அதில் ஒவ்வொருவரின் பெற்றோர் பெயரும், தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயரும் கேட்கப்பட்டன. உங்கள் ஆள் அதற்குள் இறந்திருந்தாலும் அவர் பிள்ளைகளின் பதிவில் மனைவியின் குடும்பப் பெயர் கிடைக்கும்.

நில விவரம் 'தென்மேற்குக் கால்பகுதி, செக்ஷன் 14, டவுன்ஷிப் 88 வடக்கு, ரேஞ்ச் 30 மேற்கு' என்பது போல இருக்கும். டவுன்ஷிப் என்பது அளந்து பிரித்த ஒரு சதுர நிலப்பரப்பு; அது வடக்கு-தெற்காக எங்கே என்பதை டவுன்ஷிப் எண்ணும், கிழக்கு-மேற்காக எங்கே என்பதை ரேஞ்ச் எண்ணும் சொல்லும். ஒரு டவுன்ஷிப்புக்கு 36 செக்ஷன். ஒரு செக்ஷன் 640 ஏக்கர், அதில் கால்பகுதி 160. செக்ஷன் எண்கள் டவுன்ஷிப்பின் வடகிழக்கு மூலையில் 1 தொடங்கி மேற்கே 6 வரை போய், அடுத்த வரிசையில் 7 முதல் கிழக்கே திரும்பும், ஏர் திரும்புவது போல. இது தெரியாமல் பழைய கவுன்டி வரைபடத்தில் தேடுபவர்கள் பக்கத்து நிலத்துக்காரரைத் தாத்தாவாக்கிவிடுவார்கள்.

அரசிடமிருந்து நேரடியாக வந்த நிலமா என்பதை மத்திய நில மேலாண்மைத் துறையின் இலவசத் தளத்தில் பார்க்கலாம். குடியேறிப் பயிரிட்டவருக்கு அரசு நிலம் தந்த 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி கிடைத்த நிலமென்றால் தேசிய ஆவணக் காப்பகத்தில் முழுக் கோப்பும் கேளுங்கள். வீடு, பயிரிட்ட ஏக்கர், குடும்ப விவரம், சாட்சிகளின் வாக்குமூலம், வெளிநாட்டில் பிறந்தவரென்றால் குடியுரிமைத் தாளின் நகல் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் அயோவாவில் பலர் ரயில்வே கம்பெனியிடமோ முன்பிருந்த விவசாயியிடமோ விலைக்கு வாங்கியவர்கள். அவர்களுக்கு அந்தக் கோப்பு இருக்காது. கவுன்டி ரெக்கார்டர் (பத்திரப் பதிவாளர்) அலுவலகத்தின் கிரயப் பத்திர ஏடுதான் வழி. வாங்கிய பத்திரத்தைவிட விற்ற பத்திரம் பயனுள்ளது. மனைவியும் கையெழுத்திட்டிருப்பார்.

என் கணிப்பில், எல்லாவற்றிலும் நம்பகமானது அவர் இறந்தபின் நீதிமன்றத்தில் நடந்த சொத்து வழக்கின் கட்டு. வாரிசுகள் அத்தனை பேரும் அதில் வருவார்கள்; மகள்கள் கணவர் வீட்டுப் பெயரோடும், பலசமயம் அப்போது வாழ்ந்த ஊரோடும். இறப்புச் சான்றிதழை அந்த அளவு நம்ப வேண்டாம். அதில் பெற்றோர் பெயரைச் சொன்னவர் அவர்களைப் பார்த்தே இராத மருமகனாக இருக்கலாம்.

ஜெர்மனியில் எந்த ஊர் என்பது கடினமான கேள்வி. 1906 செப்டம்பருக்கு முந்தைய குடியுரிமைத் தாளில் பெரும்பாலும் 'பிரஷ்யா' (அன்றைய ஜெர்மனியின் மிகப்பெரிய அரசு) என்பதோடு சரி. ஊர்ப்பெயரை லுத்தரன் அல்லது கத்தோலிக்கச் சர்ச்சின் ஜெர்மன் மொழி ஏட்டிலும், உள்ளூர்ப் பத்திரிகையின் இரங்கல் குறிப்பிலும் தேடுங்கள். கிடைத்த பெயரை மேயர்ஸ் கெஸட்டியர் என்ற பழைய ஜெர்மன் ஊர்ப்பெயர் அகராதியில் சரிபாருங்கள், ஒரே பெயரில் பல ஊர்கள் உண்டு. பிரஷ்யாவின் பெரும்பகுதியில் அரசுப் பிறப்புப் பதிவு 1874 அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய பிறப்புக்கு அந்த ஊரின் சர்ச் ஏட்டைத் தேடிப் போக வேண்டும். புராட்டஸ்டன்ட் ஏடுகளுக்குக் கட்டணத் தளமான ஆர்கியான், கத்தோலிக்க ஏடுகளுக்கு இலவசமான மெட்ரிகுலா.