வாசிப்பில் ஜெயிக்காதவர்கள்தான் வாத்தியார் வேலைக்குப் போகிறார்களா?

இதைக் கல்யாண வீடுகளில் என் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். நான் டிரம்பெட் வாசிப்பவன், சொல்லியும் கொடுப்பவன். உங்களுக்குப் பள்ளியில் இசை ஆசிரியர் வேலை வந்திருக்கும், சேர்ந்தால் மேடை போய்விடுமோ என்று தயங்குகிறீர்கள் போல. அப்படி வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

இல்லை. எனக்கு ஜாஸ் டிரம்பெட் கலைஞர் கிளார்க் டெர்ரி ஒருவர் போதும். 1920இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். தோட்டத்து ரப்பர் குழாய், புனல், ஈயக் குழாய்த் துண்டு, இவற்றை வைத்துத் தன் முதல் டிரம்பெட்டைத் தானே செய்துகொண்டார். பிறகு அக்கம்பக்கத்தார் காசு போட்டு, அடகுக்கடையிலிருந்து நிஜ டிரம்பெட் வாங்கிக் கொடுத்தார்கள். ஜாஸ் உலகின் பெரிய குழுத் தலைவர்களில் ஒருவரான கவுன்ட் பேசியின் குழுவில் இருந்துவிட்டு, 1951 முதல் 1959 வரை இன்னொரு பெரிய தலைவரான டியூக் எலிங்டனிடம் வாசித்தார். ஒரு கையில் டிரம்பெட், மறு கையில் ஃபிளூகல்ஹார்ன் (டிரம்பெட் போலவே, ஆனால் நாதம் மென்மையான கருவி) பிடித்து, மாறி மாறி வாசித்துத் தனக்குத் தானே பதில் சொல்வார். வாசிக்கத் தெரியாதவரா இவர்?

சிறுவனாக இருந்தபோது ஒரு மூத்த கலைஞரிடம், கீழ் ஸ்வரங்களில் நாதம் நன்றாக வர என்ன செய்யலாம் என்று கேட்டாராம். கண்ணாடி முன் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு இடது காதை ஆட்டு என்றாராம் அவர். போட்டிக்கு ஒருத்தன் வந்துவிடக் கூடாதே! கேட்டவரிடம் எதையும் ஒளிப்பதில்லை என்று டெர்ரி முடிவெடுத்தது அதனால்தான்.

படிக்கும்போது எனக்கு வயிறு எரிந்தது. சர்ச் பேண்டில் சேர்ந்த புதிதில், மேல் ஸ்வரம் பிடித்தால் என் உதடு வெடித்து ரத்தம் வரும். சீனியரைக் கேட்டால், "முட்டை சாப்பிடு, தெம்பு வரும்" என்பார். மவுத்பீஸை (வாய் வைத்து ஊதும் பகுதி) உதட்டில் அழுத்தாதே, காற்றின் வேகத்தால் ஸ்வரத்தை ஏற்று என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்று என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே இதைக் காட்டிவிடுகிறேன். விரித்த உள்ளங்கையில் டிரம்பெட்டைக் கிடத்தி, பிடிக்காமல் ஊதச் சொல்வேன். அழுத்தினால் கருவி நழுவி உதட்டை விட்டு விலகிப் போகும். அவர்களுக்கே புரிந்துவிடும்.

பின்னாளில் புகழ்பெற்ற இசையமைப்பாளரான குவின்சி ஜோன்ஸ் சியாட்டிலில் பள்ளிப் பையனாக இருந்தபோது அவருக்குக் காலையில் பள்ளி தொடங்கும் முன் பாடம் எடுத்தவர் டெர்ரி. இரவெல்லாம் கிளப்பில் வாசித்த களைப்போடு. 1959 கடைசியில் எலிங்டனை விட்டு அவர் சேர்ந்தது அதே குவின்சியின் குழுவில்தான். மாணவன் தலைமையில் வாத்தியார் வாசிக்கிறார்! இதைவிடப் பெருமை என்ன வேண்டும்?

எல்லாக் கலைஞரும் நல்ல வாத்தியார் என்று நான் சொல்லவில்லை. "ஜாஸ் வேறு, நம்மூர் வேறு" என்று சொல்ல வருபவர்கள், நம்மூரில் இன்று டிரம்பெட் வாசிப்பவனுக்கு என்ன வேலை மிச்சம் இருக்கிறது என்றும் பாருங்கள். ரெக்கார்டிங்கில் ஒரு வரிசையே உட்கார்ந்து வாசித்த இடத்தில் கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கி முடித்துவிடுகிறார்கள். அந்த 'டிரம்பெட்' சத்தத்தில் மூச்சே இல்லை. இதைக் கேட்க ஆளில்லை, வகுப்பு எடுப்பவனைத்தான் இளக்காரமாகப் பார்க்கிறார்கள்.

சர்க்கரை நோயால் இரண்டு கால்களையும் இழந்த பிறகும், பார்வையற்ற பியானோ இளைஞர் ஜஸ்டின் காஃப்ளினுக்குப் படுக்கையில் இருந்தபடியே சொல்லிக்கொடுத்தார் டெர்ரி. 2015இல், 94 வயதில் காலமானார்.

வேலையில் சேருங்கள். ஆனால் உங்கள் சாதகத்துக்கான காலை நேரத்தை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள், தலைமையாசிரியர் கேட்டாலும் சரி.