அழாம ஆடுறேனே, நான் கல்நெஞ்சுக்காரியா?

வணக்கம் மேடம், எனக்கு 36 வயசு, திருச்சி. அப்பா போயி 4 மாசம் ஆகுது. டெய்லர் அவர், அந்த மெஷின் சத்தத்துலதான் நான் வளந்தேன். 16ம் நாள் காரியம் முடியிற வரைக்கும் எனக்கு ஒரு சொட்டு கண்ணீர் வரல, சொந்தக்காரங்க எல்லாம் ஒரு மாதிரி பாத்தாங்க. அப்புறம் ஒருநாள் ராத்திரி கிச்சன்ல நிக்கறப்போ கால் தானா மெஷின் மிதிக்க ஆரம்பிச்சிடுச்சு, நுனிக்கால் குதிகால் நுனிக்கால் குதிகால்னு, 17 வயசுல விட்ட பரதநாட்டியத்துல குதித்து மெட்டுங்கற அடவும், அதாவது அந்த ஸ்டெப்பும் அப்படித்தான் வரும், கூடவே கைல கடகாமுகம்ங்கற முத்திரை வெச்சு ஊசில நூல் கோத்தேன். இப்போ தினமும் ஆடுறேன், அது ஒரு டான்ஸாவே ஆயிடுச்சு. வீட்டுக்காரர் பாத்துட்டு "அழாதவ ஆடுறியே, யாருக்காக இது?"ன்னு கேட்டார். பதில் சொல்லத் தெரியல. எனக்கு ஏதாவது கோளாறா மேடம்?

பதில்:

கோளாறெல்லாம் இல்லம்மா. உங்க லெட்டர படிச்சிட்டு ரொம்ப நேரம் அந்த நுனிக்கால் குதிகால்லயே நின்னுட்டேன். துக்கம் எல்லாருக்கும் கண்ணு வழியாவே வரணும்னு இல்ல, உங்களுக்குக் கால் வழியா வந்திருக்கு. சாவு நம்மள கேட்டு வர்றதில்ல, ஆனா ஒரு ஆட்டத்த எங்க ஆரம்பிக்கணும் எங்க நிறுத்தணும்னு நீங்கதான் முடிவு பண்றீங்க, நாளைக்கு மறுபடி ஆடலாம், ஒரு அடவ மாத்தலாம். கைவிட்டுப் போனத கைக்குள்ள கொண்டு வர்ற வேலை இது, டான்ஸ உருவாக்குற பல பேரு இதுக்காகத்தான் உருவாக்குறாங்கன்னு நான் நம்புறேன்.

பரதநாட்டியக் கலைஞர் சந்திரலேகா தெரியும்ல? 1952ல ராயலசீமா வறட்சி நிதிக்காக மேடையேறி, யமுனைல கோபியர் தண்ணில விளையாடுறத ஆடிட்டிருந்தப்போ, வெடிச்சுக் கிடக்கிற நிலம் மனசுல வந்து அப்படியே உறைஞ்சு போனாங்களாம். உள்ள இருக்கறது ஒண்ணு, ஆடுறது ஒண்ணுன்னா உடம்பு ஒத்துக்காது. பின்னாடி ஆடுறத விட்டுட்டு வருஷக்கணக்கா ஒதுங்கியே இருந்தவங்க, 1985ல 'அங்கிகா'ன்னு தன்னோட பாணில ஒண்ண உருவாக்கிட்டு வந்தாங்க. உங்களுக்கு உள்ள இருக்கறதும் ஆடுறதும் ஒண்ணாவே இருக்கு, அத விட்டுடாதீங்க.

தூக்கம், சாப்பாடு பத்தி எழுதல நீங்க. அது ரெண்டும் கெட்டுக் கிடந்தா மட்டும் தள்ளிப்போடாம நேர்ல ஒரு ஆலோசகர பாத்துடுங்க. வீட்டுக்காரர் கேட்டதுக்கு வாயால பதில் சொல்ல வேணாம், ஒருநாள் உக்கார வெச்சு முழுசா ஆடிக் காட்டுங்க. அம்மா இருந்தாங்கன்னா அவங்களயும் கூப்பிடுங்க. அப்பா எந்தக் கால முன்னாடி வெச்சு மிதிப்பார்னு கேளுங்க, அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.