குத்தகை நெல்லு: சிட்டா நம்ம பேர்ல இல்லன்னா கொள்முதல் நிலையத்துல போட முடியாதா?

கேள்வி: குடவாசல் பக்கம் ரெண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து குறுவை வச்சிருக்கேன், வாய்வார்த்தைதான், எழுத்து ஒண்ணும் கிடையாது. சிட்டா (நிலம் யாருதுன்னு காட்டற வருவாய்த்துறை காகிதம்) ஓனர் பேர்ல. வியாபாரி களத்துக்கே வந்து மூட்டை 1150க்கு எடுத்துக்கறேங்கறார், கவர்மெண்ட் கொள்முதல் நிலையத்துல மூட்டைக்கு 1000தான் வருதாம். எதுல போடுறது?

பதில்: மொதல்ல அந்த மூட்டைக் கணக்கை விடுங்க. வியாபாரி மூட்டை 62 கிலோ, நிலையத்து மூட்டை, சிப்பம்பாங்க, 40 கிலோ. கிலோவுக்குப் பாத்தா அவர் தர்றது பதினெட்டரை ரூபா சொச்சம்தான். நிலையத்துல 2025-26 சீசனுக்கு பொது ரகம் குவிண்டால் 2500, சன்ன ரகம் 2545, ஆக கிலோ 25 ரூபாய்க்குக் குறையாது. குவிண்டாலுக்கு அறுநூறு ரூபாய்க்கு மேல விட்டுட்டு வர்றீங்க. அவர் மூட்டைன்னு மட்டும் பேசுறது சும்மா இல்லீங்க.

சிட்டா உங்க பேர்ல இல்லாட்டியும் போடலாம். நிலம் எந்த ஊர்ல இருக்கோ அந்த ஊர் விஏஓகிட்ட நீங்கதான் சாகுபடி பண்றீங்கன்னு அடங்கல் (எந்த நிலத்துல யாரு என்ன பயிர் வச்சிருக்காங்கங்கற பதிவு), சான்று வாங்கணும், உங்க வீடு இருக்கற ஊர் விஏஓ இல்ல. அதோட ஆதார், பாஸ்புக். பயிர் நிக்கறப்பவே போய் வாங்கிடுங்க, அறுத்து களத்துல கொட்டினப்புறம் போனா "வயல்ல என்ன இருந்துச்சுன்னு நான் எப்படிப் பாக்கறது"ம்பார், அவரைச் சொல்லியும் குத்தமில்ல.

ஓனர்தான் பயப்படுவார். 1969லயே குத்தகைதாரர் உரிமைப் பதிவுக்குன்னு சட்டம் வந்தாச்சு, அதனால அடங்கல்ல உங்க பேர் ஏறுனா நிலமே போயிடும்னு நெனைக்கறாங்க. இந்த சீசன் பயிர் யாருதுன்னு காட்டத்தான் இதுன்னு போன்ல எடுத்துச் சொல்லுங்க. கோயில் நிலமா இருந்தா கதை வேற. குத்தகை தாத்தா பேர்ல இருக்கும், பேர் மாத்தியிருக்க மாட்டாங்க, ரசீது அப்பா பேர்ல, உழுவுறது பேரன், பாக்கி வேற நிக்கும், இதுல விஏஓ கோயில் ஆபீஸைக் கைகாட்டுவார், கோயில் ஆபீஸ் விஏஓவைக் கைகாட்டும். அப்படி இருக்கறவங்க நடவு முடிஞ்சதுமே கடைசி ரசீதையும் வாரிசு சான்றையும் கையில வச்சுக்கிட்டு ரெண்டு இடத்துலயும் எழுதிக்குடுத்து ஒப்புகை வாங்கி வச்சுக்கணும், அறுவடை வரைக்கும் காத்திருந்தா வேலைக்கே ஆகாது.

இப்ப முக்கியமானது. அதே வியாபாரி ரெண்டு நாள் கழிச்சு வந்து "அடங்கலும் பாஸ்புக்கும் குடுங்க, உங்க பேர்ல நான் போட்டுக்கறேன், கைரேகை மட்டும் வந்து வைங்க, ரெண்டாயிரம் தர்றேன்"னு கேப்பார். குடுக்கவே குடுக்காதீங்க. உங்க ரெண்டு ஏக்கருக்கு இவ்வளவுதான்னு நிலையத்துல எடுக்கற மூட்டைக்கு ஒரு அளவு இருக்கு, அதை அவர் வேற எங்கயோ அடிமாட்டு விலைக்கு வாங்குன நெல்லை வச்சு நிரப்பிடுவார். அப்புறம் உங்க நெல்லை நீங்களே கொண்டு போனா "உங்க பேர்ல ஏற்கனவே பில் போட்டாச்சு"ம்பாங்க. நாளைக்கு விசாரணைன்னு வந்தா மாட்டறதும் நீங்கதான், பணம் ஏறுனது உங்க அக்கவுண்ட்ல.

ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்க. வண்டி ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு சின்னப் பையில சாம்பிள் கொண்டுபோய் மெஷின்ல வச்சுப் பாத்துடுங்க. குறுவை அறுக்கறதே ஐப்பசி மழையில, எங்க காயும்? சில வருஷம் 19, 20ன்னு தளர்த்துவாங்க, ஆனா அதுக்கு மாநிலம் லெட்டர் எழுதி, டெல்லிலேர்ந்து குழு வந்து சாம்பிள் எடுத்து, ரிப்போர்ட் போயி ஆர்டர் வர்றதுக்குள்ள நெல்லு முளைவிட்டுடும். வருஷா வருஷம் மழை பெய்யும்னு வருஷா வருஷம் இவங்களுக்குப் புதுசாத்தான் தெரியுது. அதனால படுதாவை நீங்களே எடுத்துட்டுப் போங்க.

நிலையத்துல மூட்டைக்கு இவ்வளவுன்னு கை நீட்டுவாங்க, அது எந்த ரூல்லயும் கிடையாது, சுமை தூக்கறவங்களுக்குக் கூலி நிலையத்தை நடத்தற நுகர்பொருள் வாணிபக் கழகமே தருது. குடுக்க மாட்டேன்னா வரிசையில பின்னாடி தள்ளுவாங்கங்கறதும் உண்மைதான், தனியா நின்னு சண்டை போடாம நாலு பேரா சேர்ந்து கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல எழுதிக்குடுங்க. எடை போடறப்ப பக்கத்துலயே நில்லுங்க, உங்க நெல்லு சன்ன ரகம்னா பில்லுலயும் அப்படியே எழுதியிருக்கான்னு பாத்துட்டு அப்புறம் கைரேகை வைங்க.