மென்னோனைட்டு 'மாநாடு' என்றால் என்ன? பிராங்கோனியா மாநாடு ஏன் பிளந்தது, எப்போது இணைந்தது?

மென்னோனைட்டுகள் என்னும் கிறித்தவப் பிரிவினரிடையே 'மாநாடு' என்பது ஒருநாள் கூட்டமன்று. ஒரு வட்டாரத்துச் சபைகள் தமக்குள் ஒழுங்கையும் போதகர் நியமனத்தையும் பேசித் தீர்த்துக்கொள்ளும் நிலையான அமைப்பு. தலைமைக் குருபீடம் இல்லாத சமயப்பிரிவு என்பதால், தனித்தனிச் சபைகளைச் சேர்த்துக் கட்ட இப்படியொன்று தேவைப்பட்டது. பல ஊர்ப் பெரியவர்கள் கூடி முடிவெடுக்கும் நாட்டுக்கூட்டத்தை நினைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், 1683-இல் தொடங்கிய ஜெர்மன்டவுன் குடியேற்றத்தின் வழியில் உருவான பிராங்கோனியா மாநாடு அந்நாட்டிலுள்ள இத்தகைய மாநாடுகளுள் மிகப் பழையது. அங்கே பூட்டுத்தொழிலும் தெரிந்த ஜான் ஓபர்ஹோல்ட்சர் என்னும் இளம் போதகர், போதகர்களுக்கென விதித்திருந்த கழுத்துப்பட்டையில்லாத மேலங்கியை அணிய மறுத்தார். வழக்கு அங்கியோடு நிற்கவில்லை. கூட்ட நடவடிக்கைகளை எழுதிவைக்க வேண்டும், எழுத்து வடிவில் சட்டதிட்டம் வேண்டும் என்றும் அவர் கேட்டார். வாய்வழி மரபில் ஊறிய மூத்தவர்களுக்கு, என் கணிப்பில், அங்கியைவிட இதுவே பெரிதாக உறுத்தியிருக்கும். 1847-இல் அவர் தரப்பினர் தனி மாநாடு கண்டனர். அதுவே பின்னாளில் கிழக்கு மாவட்ட மாநாடு எனப்பட்டது. இரண்டும் மீண்டும் ஒன்றாக 170 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2020 முதல் 'மொசைக்' என்ற பெயரில் இயங்குகின்றன.

மென்னோனைட்டு என்றாலே குதிரைவண்டியில் செல்லும் ஆமிஷ் மக்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆமிஷ் 1693-இல் பிரிந்துபோன வேறு கிளை, இந்த மாநாட்டினரோ கார் ஓட்டுபவர்கள்.