வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும் என்று டாக்டர் சொல்லிவிட்ட நோயை மனசு எப்படி ஏற்றுக்கொள்ளும்?

நோயின் பெயரை நீங்கள் சொல்லவில்லை. கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் ரிப்போர்ட் கைக்கு வந்து ரொம்ப நாள் ஆகியிருக்காது என்று தோன்றுகிறது. எனக்கு முடக்குவாதம். வயசானவர்களுக்கு வரும் மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும். முப்பது வயசிலும் வரும், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். காலையில் விரல் மடங்காததுதான் என்னை உடைத்தது. எழுந்து ஒரு மணி நேரத்துக்குக் குக்கர் மூடியைத் திருப்ப முடியாது. அந்த நேரத்தில்தான் பள்ளி வேன் வரும். மகளுக்கு ரெட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டியாக வேண்டும். முடியை மூன்று காலாகப் பிரிப்பேன், இரண்டாவது பின்னலிலேயே விரலை விட்டு நழுவும். "அம்மா, லூசா இருக்கு" என்பாள். வெந்நீரில் கையை வைத்து எடுத்துவிட்டு மறுபடி பின்னுவேன்.

ஒரு நாள் சீப்பை என் வீட்டுக்காரரிடம் நீட்டி, "நீங்க பின்னுங்க, நான் சொல்லித் தர்றேன்" என்றேன். ஒரு சடை காதுக்கு மேலே, இன்னொன்று கழுத்தோரம். மகள் அப்படியே வேன் ஏறினாள். எனக்கு ஏற்றுக்கொள்வது அங்கேதான் தொடங்கியது. எப்போது சரியாகும் என்று கேட்பதை விட்டேன். எந்த வேலையை யார் செய்வது, எத்தனை மணிக்குச் செய்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன். இப்போதும் வீக்கம் ஏறும் நாட்களில் அழுவேன். ஏற்றுக்கொண்டவள் அழக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை.

ஒத்தாசைக்கு ஆள் இருப்பதால் பேசுகிறாள் என்று சிலர் நினைக்கலாம். ஆள் இல்லாதவர்களுக்கு இது பல மடங்கு கஷ்டம், மறுக்கவில்லை. முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடித்தால் போதும் என்று எழுத வருபவர்களுக்கு: நானும் குடித்திருக்கிறேன், ருசியாகவே இருக்கும். மூட்டு கோணாமல் காப்பது சீக்கிரமே தொடங்கிய மருந்து.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதையும் சொல்ல வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, முடக்குவாதம் பெயர் சொல்லி அதில் இல்லை. மூட்டு கோணி, நடமாட்டம் குறைந்த பிறகு இயக்கக் குறைபாடு என்ற பிரிவில் சான்றிதழ் கேட்கலாம். அதுவரை? பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவளிடம், "நல்லாத்தானே இருக்கே, எழுந்து இடம் கொடும்மா" என்கிறார்கள்.

உங்களுக்கும் முடக்குவாதமாக இருந்து மெத்தோட்ரெக்சேட் எழுதியிருந்தால் கவனம். பொதுவாக அது வாரத்துக்கு ஒரே நாள் போடும் மருந்து. ஒரு மருந்துக்கடையில் எனக்குக் கவரில் 'தினமும்' என்று எழுதிக் கொடுத்தார்கள். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று டாக்டரையே சீட்டில் எழுதச் சொல்லுங்கள். குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள், கர்ப்ப காலத்தில் அந்த மாத்திரை கூடாது.